திட்டத்தின் முதல் பக்கத்தில் குளிரை எழுதுங்கள்

குளிர்காலப் படை நடவடிக்கைகளுக்குத் திட்டம் வகுக்கும் தளபதிகளுக்கும் தலைமையக அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

எந்த நாட்டுப் படையின் நடவடிக்கை ஆணையை எடுத்துக்கொண்டாலும், எதிரியின் நிலை, தன் படையின் நிலை, நோக்கம், செயல்முறை, வழங்கல் என்று அது ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் செல்லும். வானிலை அதில் நிலப்பரப்பைப் பற்றிய பத்தியோடு ஒட்டிக்கொண்டு, குறைந்தபட்ச வெப்பநிலை, காற்றின் வேகம், சூரியன் எழும் நேரம், மறையும் நேரம் என்று ஒருசில எண்களாகச் சுருங்கிவிடும். மிதமான பருவத்தில் இது போதும். வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் களத்தில் போதாது. அங்கே எதிரியைக் கண்ணால் காண்பதற்கு முன்பே படையின் நேரத்தையும் எரிபொருளையும் ஆள்பலத்தையும் குளிர் செலவழிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, அந்தச் செலவைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே கணக்கிடுங்கள். படைகள் எங்கே, எப்போது நகரும் என்று வரைபடத்தில் அம்புக்குறி இடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் படைவீரன் அல்லன். போர்களின் மருத்துவ வரலாற்றையும் வழங்கல் வரலாற்றையும் தொடர்ந்து படித்துவருபவன். அந்தப் படிப்பில் மீண்டும் மீண்டும் கண்ணில் படுவது ஒன்று உண்டு: குளிரால் அழிந்த படைகளில் மிகப் பெரும்பாலானவை, குளிர் வரும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்த தலைமைகளின் படைகள். அவர்களிடம் தகவல் இருந்தது. அந்தத் தகவல் திட்டத்துக்குள் நுழையவில்லை.

தோற்றவர்கள் பழியைக் குளிரின்மேல் இறக்கிவைப்பது பழைய வழக்கம். 1812-இல் நெப்போலியனின் பெரும்படை ரஷ்யாவில் அழிந்ததைப் பனியின் கணக்கில் எழுதுவோர் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் படை ஜூன் மாதத்தில் ரஷ்ய எல்லையான நேமன் ஆற்றைக் கடந்தது. கடும் உறைபனி நவம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களிலேயே, கோடை வெயிலிலும் பசியிலும் டைபஸ் காய்ச்சலிலும் ஓடிப்போதலிலும் படையின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. எஞ்சியதை முடித்துவைத்த காரணங்களுள் ஒன்று குதிரை லாடம். பனிக்கட்டியில் வழுக்காதபடி முனை வைத்த லாடங்கள் அந்தக் குதிரைகளுக்கு அடிக்கப்படவில்லை. பேரரசரின் குதிரைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த கோலன்கூர் தம் பொறுப்பிலிருந்தவற்றுக்கு மட்டும் அடிக்கச் செய்திருந்தார். மற்ற குதிரைகள் சரிவுகளில் விழுந்து எழ முடியாமல் கிடந்தன. அவை இழுத்துவந்த பீரங்கிகளும் உணவு வண்டிகளும் அங்கேயே கைவிடப்பட்டன. பின்வாங்கும் வழியில், நவம்பர் கடைசியில் பெரெசினா ஆற்றங்கரைக்கு வந்தபோது நிலைமை தலைகீழானது. இடையில் குளிர் தணிந்து பனி இளகியிருந்ததால், உறைந்திருக்கும் என்று நம்பிய ஆறு பனிக்கட்டித் துண்டுகளைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரல் எப்ளேயின் பாலம் கட்டும் வீரர்கள் அந்த நீரில் மார்பளவு இறங்கிப் பாலங்களை எழுப்பினார்கள். அவர்களில் மிகப் பலர் உயிர்பிழைக்கவில்லை. குளிர் அடித்தது ஒரு பக்கம், குளிர் விட்டது மறுபக்கம். இரண்டுக்கும் அந்தப் படையிடம் ஏற்பாடு இல்லை.

இதைவிடத் தெளிவான சான்று ஜப்பானில் உண்டு. ரஷ்யாவோடு போர் மூளும் என்ற எதிர்பார்ப்பில் ஜப்பானியத் தரைப்படை குளிர்காலப் பயிற்சிகளில் இறங்கியிருந்த 1902 ஜனவரியில், ஹக்கோடா மலைத்தொடரை இரண்டு படைப்பிரிவுகள் எதிரெதிர்த் திசைகளிலிருந்து கடக்கப் புறப்பட்டன. அவோமோரியிலிருந்து 5-ஆவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 210 பேர் ஜனவரி 23 அன்று கிளம்பினார்கள். அவர்கள் சேர வேண்டிய இடம் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஒரு வெந்நீர் ஊற்று. ஓர் இரவு தங்கித் திரும்புவதே திட்டம். வழியிலிருந்த சிற்றூர் மக்கள் இந்தப் பருவத்தில் போக வேண்டாம் என்றும், போவதானால் வழிகாட்டி வேண்டும் என்றும் சொன்னபோது, வரைபடமும் திசைகாட்டியும் இருக்கின்றன என்று படைத்தலைமை மறுத்துவிட்டது. சுமைகளை ஏற்றிய சறுக்குவண்டிகள் ஆழ்பனியில் பின்தங்கின. கட்டிக்கொண்டுவந்த சோறு கல்லாக உறைந்தது. பனியில் குழி தோண்டி ஒடுங்கிய முதல் இரவில், விடியும்வரை காத்திருக்காமல் நள்ளிரவுக்குப் பின் இருட்டிலேயே புறப்படச் சொல்லி ஆணை வந்தது. அதன்பின் வழி தப்பி, மலைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து சாய்ந்தார்கள். 210 பேரில் 199 பேர் இறந்தார்கள். அதே வாரத்தில், ஜனவரி 25 அன்று, ஹொக்கைடோவின் அசாஹிகாவாவில் மைனஸ் 41 டிகிரி பதிவானது. ஜப்பானின் அதிகாரப்பூர்வப் பதிவுகளில் அதுவே இன்றுவரை மிகத் தாழ்ந்த வெப்பநிலை.

ஹிரோசாக்கியிலிருந்து கிளம்பிய 31-ஆவது ரெஜிமென்ட்டின் சிறுகுழு அதே புயலுக்குள் அதே மலையைக் கடந்தது. நாற்பது பேருக்கும் குறைவான அந்தக் குழு பல நாள் பயணத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வழியிலுள்ள ஊர்களில் தங்கி, உள்ளூர் வழிகாட்டிகளை முன்னே விட்டு நடந்தது. ஒருவரும் இறக்கவில்லை. (அந்த வழிகாட்டிகள் கடைசியில் கைவிடப்பட்டு, சதை உறைந்து கெடும் பனிக்கடிக்கு ஆளானது வேறு கதை, அதுவும் ஒரு தலைமைக் குறைதான்.) இரு குழுக்களின் வீரர்களும் ஒரே நாட்டவர், ஒரே படையினர், ஒத்த துணிச்சல் உடையவர்கள். குளிரும் ஒன்றே. ஆள் எண்ணிக்கை, சுமை, வழி, தங்குமிடம், புறப்படும் நேரம் ஆகியவற்றைத் தீர்மானித்த தாள்கள் மட்டுமே வேறு. அந்தத் தாள்களை எழுதுபவர்கள் நீங்கள் என்பதால்தான் இம்மடல் வீரர்களுக்குச் செல்லாமல் உங்களுக்கு வருகிறது.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் குளிர்காலத் திட்டங்கள் அதிகமாகப் பொய்த்துப்போவது அங்கேதான். விரல் தோலின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே நுணுக்கமான வேலைகளில் கை தடுமாறத் தொடங்குகிறது. 8 டிகிரியை ஒட்டித் தொடு உணர்வே மங்கிவிடுகிறது. தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டால் விசையைப் பிடிக்க முடியாது, திருகைத் திருப்ப முடியாது. கழற்றினால் சில நிமிடங்களில் விரல் மரத்துவிடும், உறைந்த உலோகத்தைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே சிறு பழுதுநீக்கம்கூட, கையுறையைக் கழற்றி, கொஞ்சம் வேலை செய்து, கையைச் சூடாக்கி, மீண்டும் கழற்றி என்று தவணை முறையில்தான் நடக்கும். கூடாரம் அடிப்பது, வண்டியைக் கிளப்புவது, காயம்பட்டவரைத் தூக்கிவருவது, மலம் கழிக்கப் போய்வருவது என்று எல்லாமே நீள்கின்றன. ஆழ்பனியில் பனிச்சறுக்குப் பலகையோ பனிக்காலணியோ இல்லாமல் நடப்பவர், கோடையில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தொலைவுக்கு அதைப் போலப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்வார். முன்னே நடந்து தடம் போடுபவரை அடிக்கடி மாற்றியாக வேண்டும். வடக்கே உயர் அட்சரேகைகளில் குளிர்காலப் பகலே சில மணி நேரம்தான். கோடை அட்டவணையில் ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் குளிர்கால அட்டவணை தயாரிப்பது, நான் படித்த தோல்விகள் பலவற்றின் தொடக்கப்புள்ளி. கூட்டிப் போட்டால் போதாது. ஒவ்வொன்றையும் அளந்து புதிதாக எழுத வேண்டும்.

வெப்பமானியில் காணும் எண் மட்டும் அபாயத்தைச் சொல்லாது. காற்றின் குளிர்விக்கும் ஆற்றலைக் கணக்கிடும் முறைக்கு அடிப்படையிட்டவர்கள், 1940-களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவில் நீர் உறையும் வேகத்தை அளந்த சைப்பிளும் பாசெலும்; 2001-இல் திருத்தப்பட்ட இன்றைய சூத்திரப்படி, மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 33 போல இருக்கும். திறந்த வண்டியில் செல்பவருக்கும் ஹெலிகாப்டர் விசிறியின் கீழே நிற்பவருக்கும் அந்தக் காற்றைப் படையே உண்டாக்கிக் கொடுக்கிறது.

ஆனால் உங்களில் பலர் கவனிக்காமல் விடுவது மைனஸ் 40 டிகிரியை அன்று. பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரக்குளிரை. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலான வெப்பநிலையில், ஈரமான காலணிக்குள் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஊறிக்கிடக்கும் பாதம் உறையாமலேயே கெடுகிறது. நரம்புகளும் நுண்குழாய்களும் சிதைந்து, வலியும் மரத்துப்போதலும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ‘டிரெஞ்ச் ஃபுட்’ எனப்படும் இந்த நோய் பல்லாயிரம் வீரர்களைக் களத்திலிருந்து அகற்றியது. 1943 மே மாதத்தில் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில், ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த அட்டூவில் இறங்கிய அமெரிக்க 7-ஆவது காலாட்படை டிவிஷன், கலிபோர்னியாவின் பாலைநிலத்தில் பயிற்சி பெற்றது. நீர் புகும் தோல் காலணிகளோடு அவர்கள் சேற்றிலும் மூடுபனியிலும் போரிட்டார்கள். அங்கே 549 பேர் கொல்லப்பட்டார்கள், 1,148 பேர் காயமடைந்தார்கள். குளிரால் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 1,200 பேர். மாதம் மே, வெப்பநிலையும் பெரிதாகத் தாழ்ந்துவிடவில்லை. 1982-இல் ஃபாக்லாந்துத் தீவுகளில் பிரிட்டிஷ் வீரர்கள் வென்று நின்றபோதும் பாதங்கள் இதே நிலையில்தான் இருந்தன. இந்த நோய்க்கான தடுப்புமுறை முதல் உலகப்போர்க் காலத்திலேயே தெரிந்துவிட்டது: நாள்தோறும் பாதத்தைச் சோதிப்பது, உலர்த்துவது, உலர்ந்த காலுறைக்கு மாற்றுவது, இதற்கு அந்தந்த அணித்தலைவரைப் பொறுப்பாக்குவது. ஒவ்வொரு வீரரிடமும் கூடுதல் காலுறை இருக்கிறதா என்று எல்லாப் படைகளும் சரிபார்க்கின்றன. அந்தக் காலுறை எங்கே, எந்த நேரத்தில் காயும் என்பதை எத்தனை ஆணைகள் சொல்கின்றன?

தண்ணீரும் அப்படித்தான். பனி சூழ்ந்த இடத்தில் தண்ணீருக்கு என்ன குறை என்று தோன்றும். பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியை நீராக மாற்ற மட்டும் ஆகும் வெப்பம், அதே நீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கப் போதுமானது. பனியை வாயில் போட்டுக்கொள்ளும் வீரர் அந்த வெப்பத்தைத் தன் உடலிலிருந்து கொடுக்கிறார். அடுப்பில் உருக்கும் அணி தன் எரிபொருளிலிருந்து கொடுக்கிறது. குளிரில் தாக உணர்வு மங்குகிறது, சிறுநீர் அதிகம் பிரிகிறது, வறண்ட காற்றில் மூச்சின் வழியாகவும் நீர் வெளியேறுகிறது. இரவில் எழுந்து வெளியே போக அஞ்சி நீர் அருந்தாமலே இருப்பவர்களும் உண்டு. உணவுத் தேவை நாளொன்றுக்கு 4,500 கிலோகலோரி அளவுக்கு உயர்கிறது. அந்த உணவுப் பொதி உறைந்திருந்தால் அது வெறும் சுமை. ஆகவே அடுப்பு எரிபொருளை வண்டி எரிபொருளோடு ஒருங்கே வைத்துக் கணக்கிடுங்கள். முன்னது தீர்ந்த படை, பின்னது தீர்ந்த படையைவிட வேகமாக நின்றுபோகும்.

இயந்திரங்களுக்கு வருகிறேன். 1941 ஜூனில் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்த ஜெர்மன் படைத்தலைமை, போர் குளிர்காலத்துக்கு முன்பே முடிந்துவிடும், அதன்பின் அங்கே தங்கப்போகும் காவற்படைக்கு மட்டும் கம்பளி உடை இருந்தால் போதும் என்று கணக்கிட்டது. போர் முடியவில்லை. இருந்த உடைகளும் பின்னே இருந்த கிடங்குகளில் தேங்கின, ஏனெனில் ரயில்கள் முதலில் வெடிபொருளையும் எரிபொருளையும் ஏற்றியாக வேண்டியிருந்தது. ரயில் எஞ்சின்களுக்கும் அதே கதி: நீர்க்குழாய்கள் வெளிப்புறமாக அமைந்திருந்த ஜெர்மன் எஞ்சின்களில் அவை உறைந்து வெடித்தன. பீரங்கிகளின் பின்னுதைப்பைத் தாங்கும் திரவம் கெட்டிப்பட்டது. துப்பாக்கி எண்ணெய் பிசினானது. அடியில் ஆணி பதித்த காலணி தரையின் குளிரை நேரே பாதத்துக்குக் கடத்தியது. டிசம்பர் 20 அன்று ஜெர்மன் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் வானொலியில் பொதுமக்களிடம் கம்பளி உடைகளும் மென்மயிர் ஆடைகளும் கேட்டு வேண்டுகோள் விடுத்தார். எதிர்ப்பக்கத்தில் டி-34 டாங்கிகளில், மின்கலன் கைவிட்டாலும் எஞ்சினைக் கிளப்ப அழுத்திய காற்று உருளைகள் இருந்தன. வீரர்களுக்குக் கம்பளியை அழுத்திச் செய்த வாலங்கி காலணிகள் இருந்தன. இவை வடிவமைப்பு மேசையிலும் தொழிற்சாலையிலும் முன்கூட்டியே எடுக்கப்பட்ட முடிவுகள்.

இன்றைய தளவாடங்கள் இந்தச் சிக்கலிலிருந்து விடுபட்டுவிட்டன என்று எண்ண இடமில்லை. மின்சாரத்தை நம்பும் அளவு கூடக்கூடச் சிக்கல் கூடியிருக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் ஈய அமில பேட்டரி தன் கொள்திறனில் ஏறத்தாழ பாதியைத்தான் தரும். எஞ்சினோ கெட்டியான எண்ணெயோடு போராடி வழக்கத்தைவிட அதிக மின்சாரம் கேட்கும். லித்தியம் பேட்டரியில் பறக்கும் ட்ரோனின் பறப்பு நேரம் சுருங்குகிறது, இறக்கைகளில் பனி படிகிறது. அந்த பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே மின்னேற்றம் செய்தால் அது உள்ளுக்குள் சேதமடைகிறது. ஆகவே பேட்டரிகளைச் சூடாக வைக்க ஓர் இடம், அதற்கு எரிபொருள், அதைக் காக்க ஆள் என்று தேவை நீள்கிறது. சாதாரண டீசலில் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும். குளிரில் கிடந்த துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் நீர் அரும்பும், வெளியே எடுத்துச்சென்றதும் அந்த நீர் உறைந்து இயக்கத்தைப் பூட்டிவிடும். அதனால்தான் அனுபவமுள்ள படைகள் ஆயுதங்களைக் கூடாரத்துக்கு வெளியே மூடி வைக்கின்றன. வெடிமருந்து மெதுவாக எரிவதால் குண்டுகள் குறி எட்டாமல் விழும். ஆழ்பனியில் விழுந்து வெடிக்கும் எறிகணையின் சிதறல்களைப் பனியே விழுங்கிவிடும். உறைந்த தரையில் பதுங்குகுழி தோண்ட மண்வெட்டி உதவாது. மைனஸ் 35 டிகிரிக்குக் கீழே, எஞ்சின் புகையும் துப்பாக்கிப் புகையும் பனிமூட்டமாக அப்படியே தொங்கி நின்று, எங்கிருந்து சுடுகிறீர்கள் என்பதை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும். வெப்ப உருக்காட்டிகள் பெருகிவிட்ட காலத்தில், குளிர்ந்த பின்னணியில் ஒரு சூடான கூடாரத்தை மறைப்பது முன்னெப்போதையும்விடக் கடினம். வீரரைச் சூடாக வைப்பதும் எதிரியின் கண்ணிலிருந்து மறைப்பதும் ஒன்றோடொன்று மோதும் இந்த இடத்துக்கு நேர்த்தியான விடை எதையும் நான் இன்னும் காணவில்லை. கூடாரத்தை விட்டுவிடுவது மட்டும் விடையாகாது.

குளிர் எதிரிக்கும்தானே என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். 1950 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் முற்பகுதியிலும் கொரியாவின் சாங்ஜின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்த போர் இதற்கான பதில். இரவுகளில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே சென்ற குளிரில், அமெரிக்க 1-ஆவது மரைன் டிவிஷனையும் உடனிருந்த படைகளையும் சீனாவின் 9-ஆவது படைத்தொகுதி சூழ்ந்துகொண்டது. அந்தச் சீனப் படை நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்டது. பலரிடம் மெல்லிய பருத்தி உடையும் துணிக்காலணியும்தான் இருந்தன. அவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் பனிக்கடிக்கு ஆளாயினர். பதுங்கியிருந்த நிலையிலேயே அணி அணியாக உறைந்து இறந்தவர்களும் உண்டு. நல்ல உடையும் விமான வழங்கலும் பெற்றிருந்த அமெரிக்கத் தரப்பிலும் போர்க்காயமில்லாத பாதிப்புகள் 7,000-ஐத் தாண்டின, பெரும்பாலானவை பனிக்கடி. அவர்களுடைய ரப்பர் அடிக்காலணி நடக்கும்போது வியர்வையை உள்ளேயே தேக்கியது. நின்றவுடன் அந்த வியர்வை உறைந்தது. இரண்டு படைகளையும் அதே குளிர்தான் தாக்கியது. சுற்றிவளைத்தவர்கள் சூழப்பட்டவர்களைத் தப்பவிட்டதற்கு, அவர்கள் குளிருக்குக் கொடுத்த விலை ஒரு முக்கியக் காரணம்.

அந்த நீர்த்தேக்கக் கரையில் மருத்துவப் பணியாளர்கள் மார்ஃபின் ஊசிகளை வாயில் அடக்கி உருக்கிவைத்தார்கள். பிளாஸ்மா உறைந்துபோனதால் இரத்தமிழந்தவர்களுக்குக் கொடுக்க முடியவில்லை. குளிரில் காயம் என்பது வேறொரு நோய். உடல் குளிர்ந்தால் இரத்தம் கட்டுவது தடைபட்டு இரத்தப்போக்கு நிற்காது. இரத்தம் இழந்த உடல் இன்னும் வேகமாகக் குளிரும். இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டிய கை அல்லது கால், இரத்த ஓட்டம் இல்லாததால் எளிதில் உறையும். காயத்தைப் பார்க்க உடையைக் கிழிக்க வேண்டும். கிழித்தால் வெப்பம் போகும். ஆழ்பனியில் காயமடைந்த ஒருவரைச் சறுக்குவண்டியில் இழுத்துவர ஓர் அணியின் பெரும்பகுதி தேவைப்படும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை என்ற இலக்கை நம்பி அமைத்த மருத்துவ ஏற்பாடு, ஹெலிகாப்டர் பனிப்புயலில் தரையிறங்க முடியாத நாளில் சரிந்துவிடும்.

தவறான மருத்துவ அறிவு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கும் குளிரே எடுத்துக்காட்டு. நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரே, 1807-இல் எய்லாவ் போரின்போது, உறைந்த கால்களை நெருப்பருகே நீட்டிய வீரர்களுக்குச் சதை அழுகியதைச் சரியாகவே கவனித்தார். அதிலிருந்து அவர் பரிந்துரைத்தது, பனியைக்கொண்டு தேய்ப்பது. தேய்க்கத் தேய்க்கத் திசு கிழியும். ஆனாலும் அந்தப் பழக்கம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் நீடித்தது. இன்று ஏற்கப்பட்ட முறை, 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் விரைவாக இளக்குவது. மீண்டும் உறையும் வாய்ப்பு இருந்தால் இளக்காமலே விடுவது. பின்னது மருத்துவர் மட்டும் எடுக்கக்கூடிய முடிவு ஆகாது, ஏனெனில் வெளியேற்றத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்கள் இல்லையா? 1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை, 105 நாள்கள் நடந்த குளிர்காலப் போரில் பின்லாந்துப் படை செய்தது. அவர்களிடம் டாங்கிகளும் விமானங்களும் மிகக் குறைவு. அடுப்பு வைத்த கூடாரங்கள், வெள்ளை மேலங்கி, பனிச்சறுக்குப் பலகை, முன்வரிசையிலிருந்து திரும்பியவர் சூடாகத் தூங்கி எழுவதற்கான முறைவைப்பு ஆகியவை இருந்தன. சாலையை விட்டு இறங்க முடியாத சோவியத் 44-ஆவது டிவிஷனை 1940 ஜனவரி முதல் வாரத்தில் ராட்டே சாலையில் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். எதிரியின் சமையற்கூடங்களையும் கணப்பு நெருப்புகளையும் தேடித் தாக்கினார்கள். சூடான உணவும் நெருப்பும் இழந்த பெரும்படையை அதன்பின் குளிர் பார்த்துக்கொண்டது. அந்தச் சோவியத் வீரர்களும் குளிர்நாட்டினர்தான். குளிரில் பிறந்தவனுக்குக் குளிர் உறைக்காது என்ற நம்பிக்கையை அந்தச் சாலை பொய்யாக்கியது. இறுதியில் எண்ணிக்கையின் முன் பின்லாந்து நிலப்பகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது உண்மை. அந்த 105 நாள்களை அது எப்படித் தாக்குப்பிடித்தது என்பதே நம் பொருள்.

உயர்மலைகளில் குளிரோடு மெல்லிய காற்றும் பனிச்சரிவும் சேர்ந்துகொள்கின்றன. 1984 முதல் இந்தியாவும் பாகிஸ்தானும் படை நிறுத்தியிருக்கும் சியாச்சின் பகுதியில், இரு தரப்பிலும் குண்டுகளைவிட இயற்கையே அதிக உயிர்களை எடுத்திருக்கிறது. 2003 நவம்பரிலிருந்து அங்கே துப்பாக்கிகள் அடங்கின, சாவு அடங்கவில்லை. 2012 ஏப்ரலில் பாகிஸ்தான் படையின் கயாரி முகாமில் ஒரே பனிச்சரிவு சுமார் 140 பேரைப் புதைத்தது. 2016 பிப்ரவரியில் சோனம் நிலையில் 10 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அத்தகைய இடங்களில் நிலையை எங்கே அமைப்பது என்பதில் தந்திரோபாயக் காரணங்களுக்குப் பனியியல் வல்லுநரின் மறுப்புரிமையை மேலாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்களில் பலர் இதை ஏற்கமாட்டீர்கள் என்பதும் தெரியும்.

இனி, உங்களுக்கு உவப்பில்லாத ஒன்று. குளிரைத் தாங்குவதை ஆண்மையாகவும் உறுதியாகவும் பேசும் படைகளில், விரல் மரத்ததை வீரர்கள் சொல்வதில்லை. சொன்னால் கோழை என்ற பெயர். சில படைகளில் கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டு. மரத்துப்போனதை மறைத்தவரின் விரல் சில மணி நேரத்துக்குப் பின் கறுத்த விரலாக உங்களிடம் வந்து சேர்கிறது. உடல் குளிருக்குப் பழகுவது மிகச் சிறிய அளவில்தான், பழகுவதெல்லாம் நடத்தை. முன்பு ஒருமுறை பனிக்கடி பட்டவர், புகைபிடிப்பவர், களைத்தவர், நீர் குறைந்தவர் ஆகியோருக்கு அபாயம் கூடுதல். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கியவருக்கு முதலில் கெடுவது மதி. தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்வதே நோயின் அறிகுறியாக இருக்கலாம். ஆகவே ஒருவர் மற்றவரின் முகத்தையும் விரலையும் பார்க்கும் இணைமுறையை ஆணையில் எழுதுங்கள். குளிர்ப்பாதிப்பின் எண்ணிக்கையை அணிவாரியாகப் பதிந்து, அதைத் திட்டத்தின் மீதான மதிப்பெண்ணாகக் கொள்ளுங்கள். அதே சமயம், எண்ணிக்கை உயர்ந்ததும் அணித்தலைவரைத் தண்டிக்கத் தொடங்கினால் அடுத்த வாரம் எண்ணிக்கை குறைந்துவிடும், பாதிப்பு குறையாது. எனவே விசாரணை எப்போதும் மேலிருந்து தொடங்கட்டும். உலர்த்த நேரம் கொடுத்தோமா, எரிபொருள் போய்ச் சேர்ந்ததா, முன்வரிசையில் நிற்க வைத்த நேரம் எவ்வளவு என்பவையே முதல் கேள்விகள்.

கூடார அடுப்பு எரியும்போதெல்லாம் விழித்திருக்க ஒருவரை நியமிப்பதையும் நச்சுப்புகைக்குக் காற்றுவழி விடுவதையும் ஆள்பலக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உறக்கத்திலேயே மூச்சடைத்து இறந்தவர்களைக் குளிரின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. கைப்பற்ற வேண்டிய குன்றைக் குறிக்கும் அதே வரைபடத்தில், உலர்த்தும் இடத்தையும் சூடேற்றும் இடத்தையும் நீர் உருக்கும் இடத்தையும் குறித்துவிடுங்கள். அவை அங்கே அமைய வழியில்லை என்றால் அந்தக் குன்றை எத்தனை மணி நேரம் வைத்திருக்க முடியும் என்பதை ஆணையிலேயே எழுதிவிடுங்கள். அதற்குமேல் நிற்கச் சொல்வதானால், எத்தனை கால்களை விலையாகக் கொடுக்கச் சம்மதிக்கிறீர்கள் என்று ஒருவர் கையெழுத்திட்டுச் சொல்லட்டும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் கோரிக்கை. குளிர்கால நடவடிக்கைக்கு அட்டவணை எழுதும் தலைமையக அலுவலர்கள், அதில் கையெழுத்திடுவதற்கு முன், அதே வெப்பநிலையில், அதே உடையில், வீரர்களோடு இரண்டு இரவுகள் வெளியே தங்கட்டும். கூடாரத்தைத் தாங்களே அடித்து, பனியைத் தாங்களே உருக்கி, ஒரு வண்டிச் சக்கரத்தைத் தாங்களே மாற்றி, காயம்பட்டவராக நடிக்கும் ஒருவரை ஒரு கிலோமீட்டர் இழுத்து வரட்டும். ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தை உடனிருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். அட்டவணையில் அந்த எண்களைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
போர் வரலாற்று வாசகர் ஒருவர்